நான்கு கதவுகளுக்கு ஏழு குறிகள்

குருவைவிட முப்பது வயது மூத்த சீடர் ஒருவர் இருந்தார். பெயர் அம்பலவாணப் பண்டிதர். மனநோய்களைப் பற்றி நாற்பது ஆண்டு படித்தவர். தாம் கைவிட்ட ஒருவனை மலையடிவார மடத்தின் குருவான நீலவேணி அம்மை என்ற பெண் குணமாக்கிவிட்டார் என்று கேள்விப்பட்டு, சண்டை போடத்தான் வந்தார். சண்டை முடிந்தபாடில்லை. அதனால் சீடராகவே தங்கிவிட்டார்.

மடத்தில் அறுபது இளம்பிள்ளைகள் படித்தார்கள். அவர்களில் மனம் நோகிறவர்களை வைத்துப் பார்க்க நான்கு அறைகள் இருந்தன. பண்டிதர் வந்த முதல் மாதமே நான்கு கதவுகளிலும் பலகை மாட்டினார்: அச்சம், சோர்வு, வெறி, பிரமை. ஒவ்வொன்றுக்கும் ஒன்பது குறிகள். ஐந்து இருந்தால் கதவு திறக்கும். நான்கு இருந்தால் திறக்காது. கேட்டால், சாஸ்திரம் என்பார்.

தில்லை என்று ஒரு பெண், பதினேழு வயது. பானை அடியில் பிடித்த காந்தலுக்காகப் பந்தியில் தினமும் சண்டை போடுகிறவள். எட்டு நாளாகக் காந்தலைப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிட்டுக் கொண்டிருந்தாள். பந்தியில் தாமே பரிமாறும் அம்மை அதைப் பார்த்தார்.

"இவளைக் கொஞ்சம் என்னவென்று பாரும்" என்று பண்டிதரிடம் அனுப்பினார்.

பண்டிதர் ஒரு முழுக் காலைப்பொழுது கேள்வி கேட்டார்.

"தூக்கம் வருகிறதா?"

"வருது ஐயா. சேவல் கூவுறப்போ வருது."

"படிப்பு?"

"எட்டு நாளா ஒரே ஏட்டுலயே நிக்கிறேன்."

"யாராவது கூப்பிடுவது போல இருக்கிறதா?"

"சில நேரம். திரும்பிப் பாத்தா கொடியில துணிதான் காயுது."

பண்டிதர் விரல் விட்டு உரக்க எண்ணினார். அச்சத்தில் இரண்டு. சோர்வில் இரண்டு. வெறியில் ஒன்று. பிரமையில் இரண்டு. ஆக ஏழு குறிகள், நோய் ஒன்றும் இல்லை.

"சந்தோஷமாகப் போ அம்மா. ஏதாவது ஒன்றில் ஐந்து சேர்ந்ததும் வா."

தில்லை யோசித்தாள். "எதை முதல்ல வளக்கட்டும் ஐயா?"

அவள் நக்கல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டாள். பண்டிதர் அவசரமாக மூக்குப்பொடி டப்பாவைத் தேடினார்.

அம்மை அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். பண்டிதர் போய் நின்றார்.

"அவளுக்கு நோய் இல்லை, தாயே."

"இப்போதுதான் வந்து சொல்லிவிட்டுப் போனாள். ஏழு குறி இருக்கிறது என்கிறாளே?"

"இருக்கிறது. ஆனால் சிதறி இருக்கிறது. எந்தப் பெயருக்கும் போதவில்லை."

அம்மை ஒரு காயை ஒடித்தார்.

"ஒரு வீட்டுக்கு நான்கு காவலாளிகள், பண்டிதரே. ஒருவர் மாட்டுத் திருடனைப் பிடிக்க. ஒருவர் நெல் திருடனை. ஒருவர் தேங்காய்த் திருடனை. ஒருவர் நகைத் திருடனை. பட்டப்பகலில் ஒருவன் சுவர் ஏறிக் குதித்தான். மாடு இருக்கும் பக்கம் அவன் போகவில்லை, அதனால் மாட்டுக்காரர் எழவில்லை. நெல்லைப் பார்த்தான், தொடவில்லை. நெல்லுக்காரரும் எழவில்லை. கடைசியில் நான்கு பேரும் நிழலில் உட்கார்ந்து, 'எதையாவது கையில் எடுக்கட்டும், உரியவர் எழுந்துகொள்ளலாம்' என்று முடிவு செய்தார்கள்."

"எதை எடுத்தான்?"

"பார்த்தீரா, நீரும் உட்கார்ந்துகொண்டுதான் கேட்கிறீர்."

பண்டிதர் நின்றுகொண்டுதான் இருந்தார். ஆனாலும் சுருக்கென்றது. விடுவாரா?

"சுவர் ஏறியவன் எல்லாம் திருடனா? சாவியைத் தொலைத்த வீட்டு மாப்பிள்ளையாக இருந்தால்? உதைத்துவிட்டு அப்புறம் காலில் விழுவதா?"

"உதைக்க யார் சொன்னது? எழுந்து போய், 'யாரப்பா, என்ன வேணும்' என்று கேட்டால் மாப்பிள்ளைக்கு என்ன குறைந்துவிடும்?"

பண்டிதர் குனிந்து ஒரு அவரைக்காயை எடுத்துப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"எழுந்து போகிறேன். போய் என்ன செய்ய? பெயர் தெரியாத நோய்க்கு மருந்து ஏது?"

"மருந்தை யார் கேட்டார்? பாடத்தைப் பாதியாக்கும். காலையில் அவளோடு ஓடைவரை நடந்துவிட்டு வாரும். என்ன சொல்லிக் கூப்பிடுகிறது அந்தக் குரல் என்று கேளும். வீட்டில் என்ன நடந்தது என்று கேளும். வாரத்துக்கு ஒருமுறை எனக்குச் சொல்லும். கூடுகிறது என்றால் எந்தக் கதவு என்று அப்போது பார்ப்போம்."

பண்டிதர் இரண்டடி போனார். திரும்பி வந்தார். இத்தனை நேரம் பேசியது சாஸ்திரம். இப்போது பேசியது அவருடைய நாற்பது ஆண்டுப் பெயர்.

"ஒருவேளை ஒன்றுமே வராமல் போய்விட்டால்? வராத நோய்க்கு ஆறு மாதம் ஓடைக்கு நடந்த பண்டிதன் என்று மடமே என்னைப் பார்த்துச் சிரிக்குமே, தாயே."

"சிரிக்கட்டும்" என்றார் அம்மை. "சிரிக்கிறவர்களில் தில்லையும் இருப்பாள்."