ராசியில்லாத ரசிகர்

“அம்மா, இன்னிக்கு நாலு மணிக்கு நான் பார்க்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லிடுங்க.”

வீரபத்திரன் இப்படிக் கேட்டபோது காலை ஆறரை மணி. குரு அப்போதுதான் தியானம் முடிந்து கண்ணைத் திறந்திருந்தார். திறந்த கண்ணை மறுபடி மூடிக்கொள்ளலாமா என்று அவர் யோசித்தது முகத்திலேயே தெரிந்தது.

“எதை அண்ணே?”

“வெலினை.”

மலைமேல் இருந்த அந்தச் சின்ன மடத்தில் இந்தப் பெயரைக் கேட்காத ஆள் கிடையாது. சாமி பெயரைவிட அதைத்தான் அதிகம் கேட்டிருந்தார்கள்.

வெலின் எங்கோ பனி கொட்டும் தேசத்துக்காரன். கத்தி பொருத்திய பூட்ஸை மாட்டிக்கொண்டு பனித்தரையில் சறுக்கி ஆடுகிறவன். வேகமாக வந்து எம்பி, காற்றில் நாலு சுற்றுச் சுற்றி, ஒற்றைக் காலில் இறங்குவான். மூன்று முறை உலகச் சாம்பியன்.

வீரபத்திரன் அவனுடைய ரசிகர். வயது ஐம்பத்து நான்கு. மடத்துச் சமையலறைச் சுவரில் ‘வெலின் ரசிகர் மன்றம்’ என்று கரித்துண்டால் எழுதி வைத்திருந்தார். தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாமே அவர்தான். கருத்து வேறுபாடே வந்ததில்லை.

குரு தவமணிக்கு முப்பத்தாறு வயது. தன்னைவிட மூத்த சீடரை அவர் அண்ணே என்பார். சீடர் அவரை அம்மா என்பார். முறை கொஞ்சம் குழப்பம்தான். ஆறு வருஷமாக அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

“பாருங்களேன். யார் வேண்டாம்னாங்க?”

“பார்த்தா விழுந்துடுவார்.”

“யாரு?”

“வெலின்தாம்மா. அவர் ஆடுற நேரத்துலயே நான் பார்த்தது மூணு தடவை. மூணு தடவையும் விழுந்தார். நான் பார்க்காதப்போ எல்லாம் ஜெயிச்சார். என் கண்ணு ராசியில்லாத கண்ணு.”

“அப்ப பார்க்காதீங்க.”

“இதுதாம்மா அவருக்குக் கடைசிப் போட்டி. இன்னியோட விட்டுடறார். இத்தனை வருஷமும் அவர் ஜெயிச்சதை எல்லாம், ஜெயிச்சார்னு தெரிஞ்சப்புறம்தான் போன்ல போட்டுப் பார்த்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் நல்லா ஆடுறப்பவே பார்க்கணும். இன்னிக்கு விட்டா இனிமே கிடையாது.”

“அப்ப பாருங்க.”

“விழுந்துட்டா?”

குரு எழுந்து பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்.

“என்னாலதான் விழுந்தார்னு ஆயிட்டா, அப்புறம் நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவர் படத்தைப் பார்க்கிறது? ஒரு வழி சொல்லுங்கம்மா.”

குரு பெருமூச்சு விட்டார். அலுப்பு வரத்தான் செய்தது, அவரும் மனுஷிதானே. மற்றச் சீடர்களில் சிலர் நிம்மதி கேட்டு வந்தார்கள். சிலர் முக்தி கேட்டு வந்தார்கள். இந்த ஒரு மனிதர் மட்டும் ஆறு வருஷமாக வெலினுடைய வலது முழங்காலுக்காக விளக்கேற்றிக்கொண்டிருந்தார். அதில் ஏதோ ஜவ்வு கிழிந்திருக்கிறதாம்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. வீரபத்திரன் முன்பு மின்கம்பம் ஏறுகிற வேலை பார்த்தவர். ஒரு மழைநாளில் மேலேயிருந்து விழுந்தார். நாலு மாதம் ஆஸ்பத்திரிக் கட்டில். இனிமேல் நடந்து என்ன ஆகப்போகிறது என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

அந்தச் சுவரில் ஒரு டி.வி. இருந்தது. அதில் யாரோ ஒருவன் பனியில் தடாலென்று விழுந்தான். எழுந்தான். ஒன்றுமே நடக்காததுபோல் பாட்டோடு சேர்ந்துகொண்டு ஆட ஆரம்பித்தான்.

வீரபத்திரன் ஓவென்று அழுதார். வலி தாங்கவில்லை போலிருக்கிறது என்று பக்கத்துக் கட்டில்காரர் நர்ஸைக் கூப்பிட்டார்.

அன்று முதல் அவர் வெலின் ரசிகர். இன்றும் இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பார்.

“வேற என்னவெல்லாம் செஞ்சிருக்கீங்க?” என்று குரு கேட்டார்.

“ஒரு வாரமா செருப்புப் போடலை. பழனிக்கு மொட்டை வேண்டியிருக்கேன். நேத்து சாயங்காலம் சுத்திப் போட்டேன்.”

குருவுக்கு அது தெரியும். மடத்துக்கே தெரியும். வீரபத்திரன் போனில் வெலினின் படத்தை வைத்து, மிளகாயும் உப்பும் மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டார். நெடி மூக்கைத் துளைத்தது. நெடி வந்தால் திருஷ்டி இல்லை என்றுதான் அர்த்தம். ஆனாலும் மனசு ஆறவில்லை, இன்னொரு பிடி போட்டார். பதினோரு பேரும் இருமிக்கொண்டே வெளியில் ஓடினார்கள்.

“சரி. இன்னிக்கு அடுப்படி உங்க முறைதானே?”

“ஆமாம்மா. தோசை.”

“போய்ச் சுடுங்க. நான் வர்றேன்.”

“என் கேள்விக்குப் பதில்?”

“பசிக்குது அண்ணே.”

வீரபத்திரன் முணுமுணுத்துக்கொண்டே போனார். குரு என்று ஒருவரை வைத்துக்கொண்டு அவசரத்துக்கு ஒரு பதில் வாங்க முடியவில்லை.

கல் காய்ந்தது. வீரபத்திரன் கரண்டியில் மாவை அள்ளினார்.

“ஐயோ” என்று ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தார். குரு தூணோரம் நின்றிருந்தார். இரண்டு கையையும் கோத்து நெஞ்சோடு வைத்திருந்தார்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்லை. நீங்க ஊத்துங்க. நல்லபடியா ஊத்துங்க.”

வீரபத்திரன் ஊற்றினார். குருவின் உதடுகள் எதையோ முணுமுணுத்தன.

“திருப்பப் போறீங்களா அண்ணே?”

“திருப்பித்தானே ஆகணும்?”

குரு சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

“திருப்பியாச்சா?”

“ஆச்சு.”

“பிய்யலையே?”

“பிய்யலை.”

“நான் பார்க்கலை, அதான்.”

வீரபத்திரன் முதல் தோசையைத் தட்டில் போட்டு நீட்டினார்.

“சாப்பிடுங்கம்மா.”

“எப்படி அண்ணே சாப்பிடுவேன்? இன்னும் பத்து தோசை இருக்கே. நீங்க எல்லாத்தையும் பிய்யாம சுட்டு முடிக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன். வேண்டிக்கிட்டேன்.”

தட்டு பக்கத்தில் இருந்த பலகைமேல் போய் உட்கார்ந்தது.

தட்டோடு வரிசையில் நின்ற மற்றச் சீடர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குருவே சாப்பிடாமல் அவர்கள் எப்படிச் சாப்பிடுவது? குரு முதலில் சாப்பிடுவதுதான் மடத்து வழக்கம்.

இரண்டாவது தோசையைத் திருப்பும்போது குரு ஒற்றைக் கண்ணை லேசாகத் திறந்தார். தோசை ஓரத்தில் பிய்ந்தது.

“போச்சு” என்று குரு நெற்றியில் அடித்துக்கொண்டார். “பார்த்துட்டேன். பாழாப்போன கண்ணு.”

“உங்க கண்ணு இல்லைம்மா. கல்லு சரியாக் காயலை.”

“என் மனசைத் தேத்துறதுக்குச் சொல்றீங்க.”

“நான் எதுக்கு உங்க மனசைத் தேத்தணும்? கல்லுதான் காயலை.”

மூன்றாவது தோசை நன்றாக வந்தது. குரு துள்ளிக் குதிக்காத குறை.

“யாரும் அசையாதீங்க” என்று வரிசையைப் பார்த்துச் சொன்னார். “இப்ப எல்லாரும் எப்படி நிக்கிறோமோ, அதுதான் அண்ணனுக்கு ராசி. சடையண்ணே, தலையைச் சொறியாதீங்க. கையை அப்படியே வையுங்க.”

சடையன் தலையில் வைத்த கையோடு நின்றார். வயதானவர், பாவம், கை வலித்தது.

நாலாவது தோசை. ஐந்தாவது தோசை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐயோ, ஒரு பெருமூச்சு, ஒரு பிரார்த்தனை. சுட்ட தோசைகள் பலகைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வியர்த்துக்கொண்டிருந்தன.

வீரபத்திரன் அள்ளிய மாவை மறுபடி பாத்திரத்திலேயே ஊற்றினார். ஆறு வருஷமாக ஆயிரக்கணக்கில் தோசை சுட்டவர். இன்றைக்கு மாவைப் பார்த்தாலே பயமாக இருந்தது.

“அம்மா, நீங்க கொஞ்சம் வெளியே போய் உட்காருங்களேன்.”

“போறேன் அண்ணே. எந்தப் பக்கம் உட்கார்ந்தா உங்களுக்கு ராசி?”

“எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் தோசை தோசைதாம்மா.”

“அப்படிச் சாதாரணமாச் சொல்லாதீங்க. உங்களுக்கு எதுவும் தெரியாது. இருங்க, சுத்திப் போட்டுடறேன்.”

மறுக்கும் முன்பே குரு ஒரு பிடி மிளகாயை எடுத்து அவர் தலையை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி கிளம்பியது. வீரபத்திரனுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. இருமி முடிப்பதற்குள் ஏழாவது தோசை கருகிப் போனது.

“பார்த்தீங்களா” என்று குரு இருமிக்கொண்டே சொன்னார். “நெடி வந்தும் தோசை கருகிடுச்சு. கண்ணேறு எவ்வளவு பெரிசா இருந்திருக்கு. எல்லாம் என்னாலதான். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இனிமே உங்க தோசையைச் சாப்பிடுவேன்?”

வீரபத்திரன் தோசைத் திருப்பியைத் தரையில் போட்டார். அது போட்ட சத்தத்தில் சடையனின் கை தலையிலிருந்து இறங்கிவிட்டது.

“நிறுத்துங்கம்மா.”

குருவிடம் யாரும் அந்தக் குரலில் பேசியதில்லை.

“நீங்க பார்த்தாலும் நான்தான் சுடுறேன், பார்க்காட்டியும் நான்தான் சுடுறேன். ஒண்ணு பிஞ்சா அடுத்ததை ஊத்த எனக்குத் தெரியாதா? உங்க யாரையும் காவல் நிக்கச் சொல்லி நான் கேட்டேனா? விடியக்காலம் எழுந்து கல்லைப் போட்டது எதுக்கு? நீங்க சாப்பிடணும்னுதானே? அது அங்கே கிடந்து ஆறுது. நீங்க கண்ணை மூடிக்கிட்டுச் சுவரைப் பார்த்து நிக்கிறீங்க.”

மூச்சு வாங்கியது.

“கண்ணைத் திறந்து தட்டைப் பாருங்களேன்.”

குரு கண்ணைத் திறந்தார். பலகையிலிருந்து முதல் தோசையை எடுத்தார். நின்றபடியே ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

“உப்பு கம்மி” என்றார்.

தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வீரபத்திரன் அடுப்பெதிரில் நின்றார். கல்லிலிருந்து புகை வந்தது. சடையன் பக்கத்தில் வந்து நின்று, “மிச்சம் நாலையும் சுடறீங்களா, நான் சுடட்டுமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

வீரபத்திரன் காதில் அது விழவில்லை. தரையில் கிடந்த தோசைத் திருப்பியை எடுத்து வெகுநேரம் கழுவினார்.

அன்று மத்தியானம் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

மடத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் போனில் சிக்னல் கிடைக்கும். மூணே முக்காலுக்கு வீரபத்திரன் காலை இழுத்துக்கொண்டு அங்கே போனார். துவைக்கிற கல்லில் போனைச் சாய்த்து வைத்தார். வைத்துவிட்டு எழுந்து ஆறு அடி தள்ளிப் போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். மறுபடி வந்து உட்கார்ந்தார்.

குரு வந்தார். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள்.

“எங்கே உட்காரட்டும் அண்ணே?”

“எங்கே வேணும்னாலும் உட்காருங்க.”

குரு அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

நாலு மணி ஏழு நிமிஷத்துக்கு வெலின் பனித்தரைக்கு வந்தான். கறுப்புச் சட்டை. கொஞ்சம் இளைத்திருந்தான். அரங்கம் எழுந்து நின்றது. அவன் நடுவில் போய் நின்று தலையைக் குனிந்துகொண்டான்.

வீரபத்திரனின் வலது கை தானாக எழுந்து கண்ணருகே வந்தது. அப்படியே நின்றது. அதை அவர் இடது கையால் பிடித்து இறக்கி மடியில் வைத்து அழுத்திக்கொண்டார். வாழ்க்கையில் கம்பத்தின்மேல் இருந்தபோதுகூட அவர் அப்படிப் பயந்ததில்லை.

பாட்டு தொடங்கியது. வெலின் வளைந்து வளைந்து வேகம் எடுத்தான். பின்பக்கமாகத் திரும்பினான். எம்பினான்.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

வலது முழங்கால் மடங்கியது. வெலின் பனியில் விழுந்து, போன வேகத்தில் வெகுதூரம் சறுக்கிக்கொண்டு போனான்.

சடையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குரு போனை நோக்கிக் குனிந்தார்.

“விழுந்துட்டாரே, அண்ணே.”

“விழுந்தார்மா, பார்த்தேன்” என்றார் வீரபத்திரன். கண்ணைத் துடைக்கக்கூட அவருக்கு நேரமில்லை. “எழுந்துட்டார். கொஞ்சம் தள்ளி உட்காருங்க, மறைக்குது.”