நெட்டில்பரி ஜூரிகளும் எபனேசரின் குதிரையும்

அமெரிக்கா இங்கிலாந்து ராஜாவின் கையில் இருந்த காலம். அங்கே ஒரு மாகாணத்தில் நெட்டில்பரி என்று ஓர் ஊர். ஊரார் நல்லவர்கள். அதற்கு மேல் அவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஊர் எபனேசரின் குதிரை காணாமல் போய், கூலிக்காரன் நெகேமியாவின் கொட்டகையில் கிடைத்தது. குதிரை திருடினால் தூக்கு. அன்றைய சட்டம் அப்படி. "கதவு திறந்திருந்துச்சுங்க, அதுவா வந்து நின்னுச்சு" என்று அழுதான் நெகேமியா, பாவம். வழக்கைத் தீர்க்கப் பன்னிரண்டு பேர் ஜூரியாக உட்கார்ந்தார்கள். குதிரையை நன்றாக அறிந்தவர் என்பதால் எபனேசரையே தலைவராக்கினார்கள்.

வெளியூரிலிருந்து வந்த நீதிபதி வழக்கப்படி எச்சரித்தார்: "பன்னிரண்டு பேரும் ஒரே கருத்துக்கு வரும்வரை சாப்பாடு கிடையாது, குளிர்காய நெருப்பும் கிடையாது."

அறைக்குள் போன வேகத்தில் திரும்பி வந்தார்கள்.

"எல்லாருக்கும் ஒரே கருத்துதான், துரை."

"என்ன?"

"பசிக்குது."

நீதிபதி பல்லைக் கடித்தார். "அவன் திருடினானா இல்லையா, அதைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க!" என்று சொல்லிவிட்டு, தான் மட்டும் சாப்பிடப் போனார்.

"நாம யாரும் அங்க இல்லையேப்பா, எப்படித் தெரியும்?" என்றார் எபனேசர்.

"நெகேமியா இருந்தானே! உள்ள கூப்பிட்டுக் கேப்போம்" என்றார் பீப்பாய் செய்யும் சைலஸ்.

"ஜூரியைத் தவிர யாரும் இங்க வரக்கூடாதே."

"அப்ப அவனை ஜூரி ஆக்கிடுவோம். அவனுக்குப் பதிலா நான் கூண்டுல நிக்கிறேன். கூண்டு காலியா கிடந்தா துரை கோவிப்பாரு."

காவலாளியும் நெட்டில்பரிக்காரர்தான். கூண்டில் ஓர் ஆள் இருந்தால் அவருக்குப் போதும். சைலஸைக் கூண்டில் ஏற்றி, நெகேமியாவை உள்ளே அனுப்பினார்.

"இப்ப கூண்டுல இருக்கிறது சைலஸா?" என்றார் ஒரு ஜூரி. "என் மண்வெட்டியை வாங்கிட்டுப் போனவன் திருப்பியே தரலை. தூக்குல போட்டுடலாம்."

எல்லோரும் வருத்தத்தோடு கை தூக்கினார்கள். நெகேமியா மட்டும் தூக்கவில்லை.

"ஐயோ, அவரு திருடலைங்க! என் கொட்டகைப் பக்கமே வரலை. சத்தியமா எனக்குத் தெரியும்!"

நேரில் இருந்தவன் சொல்கிறான்; வயிறும் கத்துகிறது. ஒருமனதாக ஒத்துக்கொண்டார்கள்.

"குற்றவாளி இல்லை!" என்று அறிவித்தார் எபனேசர். சாப்பாட்டு மயக்கத்தில் இருந்த நீதிபதி கூண்டை ஏறிட்டும் பார்க்காமல், "கூண்டில் நிற்பவருக்கு விடுதலை" என்றார். உயிர் தப்பிய சைலஸ் தேம்பித் தேம்பி அழுதார். சொல்லும்போது எனக்கே கண் கலங்குகிறது.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, வழக்குக்காக வாசலில் கட்டியிருந்த குதிரையை அவிழ்த்தார்.

"அது என் குதிரையாச்சே!" என்றார் எபனேசர்.

"நான் திருடலைன்னு நீங்கதானே தீர்ப்புச் சொன்னீங்க? நான் திருடலைன்னா இது என்னோடதுதானே?"

எபனேசர் வெகுநேரம் யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. சைலஸைத் தானே தூக்கிக் குதிரைமேல் உட்கார வைத்து அனுப்பினார்.

நெகேமியாவோடு நடந்தே வீடு திரும்பும்போது சொன்னார்: "நல்லவேளை, யாரும் திருடலை. திருடியிருந்தா என் குதிரை போயிருக்குமே!"