பச்சோந்தி காட்டிய விலை

மழை பெய்யாமல் காய்ந்துபோன ஒரு காட்டில் ஒரே ஒரு கடைதான் மிஞ்சியிருந்தது. ஆலமரப் பொந்தில் ஒரு கீரி அதை நடத்தி வந்தது. கிழங்கு, வெள்ளரிக்காய், மூலிகை எல்லாம் அங்கே கிடைக்கும். குன்றிமணி கொடுத்து வாங்க வேண்டும்.

முன்பெல்லாம் கீரி விலையை வாயால் சொல்லும். வாங்க வந்தவை பேரம் பேசும், சண்டை போடும். கீரிக்குத் தொண்டை வலித்தது. அதனால் ஒவ்வொரு குவியலின் மேலும் ஒரு பச்சோந்தியை உட்கார வைத்தது. பச்சோந்தி பச்சையாக இருந்தால் ஒரு குன்றிமணி. மஞ்சளானால் மூன்று. சிவந்தால் ஏழு.

மரத்தின் உச்சியில் ஒரு கரிச்சான் குருவியும் இருந்தது. வருபவர் ஓடி வருகிறாரா, நடந்து வருகிறாரா, யாரிடம் என்ன சொல்கிறார் என்றெல்லாம் கவனித்து, அது சீழ்க்கை அடிக்கும். அந்தச் சீழ்க்கைக்குத் தக்கபடி பச்சோந்திகள் நிறம் மாறும்.

ஒரு நண்பகலில் முயல் ஓடி வந்தது. பச்சையாக இருந்த வெள்ளரிக் குவியல், முயல் கிட்டே வருவதற்குள் சிவந்துவிட்டது.

"இப்போதுதானே பச்சையாக இருந்தது?" என்றது முயல்.

"அது நீங்கள் தூரத்தில் இருந்தபோது," என்றது கீரி.

"ஏழு குன்றிமணி கொடுத்து வெள்ளரி தின்ன நான் என்ன யானை வீட்டுச் சம்பந்தியா?"

"என்னிடம் கோபப்பட்டு என்ன பயன்? விலை காட்டுவது பச்சோந்தி."

பச்சோந்தி ஒரு கண்ணை மட்டும் முயல் பக்கம் திருப்பியது. "சீழ்க்கை கேட்டால் மாறுவேன். எதற்கு மாறுகிறேன் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை."

"உங்கள் நாக்கு வெளியே தொங்கியது. தொங்குகிறது என்றேன்," என்றது மேலிருந்த கரிச்சான். "அதில் பொய் ஏதாவது உண்டா?"

யாரைத் திட்டுவது என்று முயலுக்குத் தெரியவில்லை. தாகத்தோடு திரும்பிப் போயிற்று.

அதன் பிறகு காட்டு விலங்குகள் ஒரு பழக்கம் கற்றுக்கொண்டன. பசித்தவை ஏப்பம் விட்டுக்கொண்டு கடைக்கு வந்தன. தாகம் எடுத்தவை வாயை இறுக மூடிக்கொண்டு வந்தன. கடைக்கு மட்டும் என்று தொடங்கிய இந்தப் பழக்கம், வழியிலும் வற்றிய குளத்தங்கரையிலும் ஒட்டிக்கொண்டது. கரிச்சான் எந்தக் கிளையில் இருக்குமோ, யார் கண்டது?

அந்தக் கோடையில் ஒரு மானின் குட்டிக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. நிலவேம்பு கொடுத்தால் தணியும். காட்டில் நிலவேம்பெல்லாம் கருகிவிட்டது. கடையில் இருந்தது. மானிடம் இருந்ததோ மூன்று குன்றிமணிதான்.

மான் வழியெல்லாம் ஓடி வந்து, ஆலமரம் தெரிந்ததும் நின்று மூச்சை அடக்கியது. பிறகு மெல்ல நடந்தது. அதற்கு முன்பே யாரோ பதறி வந்து வாங்கியிருக்க வேண்டும். நிலவேம்பின் மேலிருந்த பச்சோந்தி சிவந்திருந்தது.

கடையில் முள்ளம்பன்றி கிழங்கைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாத பிராணி அது.

"என்ன தங்கச்சி, முகம் வாடிக் கிடக்கிறது? வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

மான் அண்ணாந்து பார்த்தது. கரிச்சான் கழுத்தைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

"எல்லாரும் நன்றாக இருக்கிறோம் அண்ணா. சும்மாதான் வந்தேன்."

"குட்டியைக் காணோமே? எப்போதும் உன் காலைச் சுற்றிக்கொண்டு வருவானே."

"விளையாடப் போயிருக்கிறான்."

"இந்த வெயிலிலா?"

"சொன்னால் கேட்கிறானா?" என்று மான் சிரித்தது.

முள்ளம்பன்றியும் சிரித்தது. "பிள்ளைகள் அப்படித்தான்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பியது.

மான் நிலவேம்பின் பக்கம் திரும்பவே இல்லை. வெள்ளரியை முகர்ந்தது. கிழங்கில் மண் அதிகம் என்று குறை சொன்னது. இந்த ஆண்டாவது மழை வருமா என்று கீரியிடம் பேச்சுக் கொடுத்தது. ஆலமர நிழல் ஒரு வேரைத் தாண்டி அடுத்த வேருக்கு நகர்ந்தது. கரிச்சானுக்குக் கொட்டாவி வந்தது. பச்சோந்தி மெல்ல மஞ்சளாயிற்று.

"இது நிலவேம்பா? கசக்குமே," என்றது மான். "சரி, கிடக்கட்டும். ஒரு கட்டு கொடுங்கள்."

மூன்று குன்றிமணியைக் கொடுத்துவிட்டு, கட்டைக் கவ்விக்கொண்டு, ஆலமரம் மறையும் வரை நடந்தது. அதன் பிறகு ஓடியது.

வழித் திருப்பத்தில் முள்ளம்பன்றி அதைப் பார்த்துவிட்டது. "நிலவேம்பா? குட்டிக்குக் காய்ச்சலா? அப்போதே சொல்லக் கூடாதா தங்கச்சி? என் வளையில் குவித்து வைத்திருக்கிறேனே. சும்மாவே தந்திருப்பேனே."

மான் நிற்கவில்லை. முள்ளம்பன்றியும் பின்னாலேயே ஓடியது.

குட்டி புதர் நிழலில் விட்ட இடத்திலேயே படுத்திருந்தது. மான் கட்டைக் கீழே போட்டுவிட்டு அதன் நெற்றியை நக்கியது.

"சூடு தணிந்துவிட்டது அண்ணா," என்றது.

முள்ளம்பன்றி கிட்டே வந்து குட்டியை மோந்து பார்த்தது. மூச்சு இல்லை. அது தலையைக் குனிந்துகொண்டது.

காட்டில் காய்ச்சல் பரவுகிறது என்ற செய்தி கரிச்சானுக்கு எட்டியது. மறுநாள் கடை திறக்கும்போதே நிலவேம்பின் மேலிருந்த பச்சோந்தி சிவந்திருந்தது. குட்டிகளை வைத்திருந்த தாய்கள் ஒவ்வொன்றாகக் கடைக்கு வந்தன. எதுவும் ஓடி வரவில்லை.

முள்ளம்பன்றி வளையிலிருந்த நிலவேம்பையெல்லாம் சுமந்து வந்து வழியில் நின்றது. "யார் வீட்டிலாவது காய்ச்சலா? இதை எடுத்துக்கொள்ளுங்கள். விலை இல்லை," என்றது.

கரிச்சான்தான் வேவு பார்க்க அதை அனுப்பியிருக்கிறது என்று தாய்கள் நினைத்தன.

"எங்கள் வீட்டில் எல்லாரும் நலம் அண்ணா," என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொன்றும் அதைக் கடந்து மெல்ல நடந்து போயிற்று.

நீதி: தேவையைப் பார்த்து விலை வைக்கும் இடத்தில், சும்மா கொடுக்க வருபவரிடம்கூட யாரும் தம் தேவையைச் சொல்ல மாட்டார்கள்.