கழுத்தை இழுத்துக்கிட்ட ராஜா

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, கருங்காலிப்பட்டணத்தை இடும்பராயன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டு இருந்தான். காலையில ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. அவனோட சின்ன மகளுக்கு ஆமை வளர்க்கணும்னு ஆசை வந்துச்சு.

"ஆமை புகுந்த வீடு..."ன்னு சபையில ஒரு புலவர் இழுத்தாரு.

"ம்ம், மிச்சத்தையும் சொல்லும் பாப்போம்"னான் ராஜா. புலவர் சட்டுனு உக்காந்துட்டாரு.

ஆனா வாங்கின ஆமையெல்லாம் வந்த வேகத்துல செத்துச்சு. இளவரசி சோறு தண்ணி இல்லாம அழுதா. ராஜாவுக்கு வந்துச்சே கோபம்!

"மந்திரி சேந்தன் ஒண்ணு எடுக்கட்டும், பிரதானி மருதவாணன் ஒண்ணு எடுக்கட்டும். எவன் எடுத்தது சீக்கு ஆமையோ, அவன் இன்னைக்கே நாட்டை விட்டுக் கிளம்பணும்!"

மருதவாணனுக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி. மந்திரிக்கு அடுத்த இடத்துல இருந்த அவனுக்கு, மந்திரி பதவி மேல ரொம்ப நாளா கண்ணு.

ஆமை விக்கறவன் ஒரு அண்டா நிறைய ஆமையைக் கொண்டாந்து சபை நடுவுல வச்சான். மருதவாணன் எட்டிப் பாத்தான். ஒரே ஒரு ஆமை மட்டும் தலையை வெளிய நீட்டிக்கிட்டு அசையாம உக்காந்திருந்துச்சு. தூக்கினாலும் அப்படியே இருந்துச்சு.

"பாத்தீங்களா மகாராஜா! பயம்னா என்னன்னே தெரியாது. அப்படியே உங்க கம்பீரம்!"

ராஜா மீசையைத் தடவிக்கிட்டான்.

சேந்தன் ஒவ்வொண்ணா தூக்கிப் பாத்தான். ஒண்ணு கைக்கு நல்லா கனமா இருந்துச்சு. கண்ணு ரெண்டும் தெளிவா இருந்துச்சு. தொட்டதும் சடக்குனு தலையை உள்ள இழுத்துச்சு, அப்புறம் காலை உதைச்சு அவன் விரலைப் பிராண்டுச்சு. "இதான் மகாராஜா"ன்னான்.

"ஐயோ பாவம் மந்திரியாரே!" மருதவாணன் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். "ராஜாவைப் பாத்ததும் தலையை ஒளிச்சுக்குது. கோழை! அரண்மனையில கோழைக்கு என்ன வேலை?"

ராஜா முகம் மாறிடுச்சு. "ஆமா சேந்தா. பயந்தாங்கொள்ளியை என் மகளுக்குக் குடுக்கறியா? மூட்டையைக் கட்டு!"

சேந்தன் மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டான். அடுத்து செய்யப் போறதுக்குத் தலையே போகலாம். போனா போகட்டும்னு, "கிட்ட வச்சு ஒரு தடவை பாத்துடுங்க மகாராஜா"ன்னு அடக்கமா போனவன், ஆமையைப் படக்குனு ராஜா மூக்குக்கு நேரா நீட்டினான்!

"ஆத்தாடி!"

ராஜாவோட காலு ரெண்டும் சிம்மாசனத்து மேல. தலை தோளுக்குள்ள. காவக்காரங்க வாளை உருவிட்டாங்க.

சேந்தன் குப்புற விழுந்து கும்பிட்டான். "மன்னிக்கணும் மகாராஜா. உசுரும் தெம்பும் இருக்கற எதுவும் திடுக்குனு ஏதாச்சும் வந்தா உள்ள இழுத்துக்கும். நீங்க நல்ல ஆரோக்கியம். இல்ல, இழுத்துக்கிட்டா கோழைதான்னா, அதைப் பிரதானியாரே தன் வாயால இப்பச் சொல்லட்டும்."

ராஜா மெதுவா காலை இறக்கினான். "சொல்லு மருதவாணா. நான் யாரு?"

"அது... மகாராஜா... ஆமை வேற, அரசர் வேற..."

"ரெண்டு ஆமையையும் தண்ணியில விடுங்க பாப்போம்"னான் ராஜா.

விட்டாங்க. மருதவாணனோடது முங்க முடியாம ஒரு பக்கமா சாஞ்சே மெதந்துச்சு. மூக்குல சளிக் கொப்புளம். சேந்தனோடதோ சர்ருனு அடிக்குப் போய் உக்காந்துக்கிச்சு.

"அடப்பாவி! இது கம்பீரம் இல்லடா, காய்ச்சல்! இதையா என்னை மாதிரின்னே?"

ராஜா தன் முத்து மாலையைக் கழட்டி சேந்தன் கழுத்துல போட்டான். அப்புறம் கண்ணை உருட்டிக்கிட்டு மருதவாணன் பக்கம் திரும்பினான். மருதவாணன் கழுத்து அப்படியே சட்டைக்குள்ள இறங்கிடுச்சு.

ராஜாவுக்குச் சிரிப்பை அடக்க முடியல. "பரவாயில்லடா, நீயும் நல்ல ஆரோக்கியமாத்தான் இருக்கே. எவ்வளவு தூரம் வேணா நடப்பே. அந்தச் சீக்கு ஆமையையும் தூக்கிக்கிட்டுக் கிளம்பு!"