வாய் திறந்த மீன்கள்

"டீச்சரம்மா, நான் போடறது பத்தலையா? இல்ல, எனக்குப் போடத் தெரியலையா?"

வைரக்கண்ணு வந்ததும் வராததுமாக இப்படித்தான் கேட்டார். கையில் செத்துப்போன ஒரு கட்லா மீன். அதை மேல்துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்திருந்தார். அப்போதுதான் கிழக்கு வெளுத்திருந்தது.

சகாயமேரி வலையை உதறிக்கொண்டிருந்தார். வைரக்கண்ணுவைவிட வயதில் ரொம்ப இளையவர். ஆனாலும் அந்தப் பக்கம் மீன் வளர்க்க ஆசைப்பட்ட எல்லாருக்கும் அவர்தான் வாத்தியார்.

"எப்போ மேல வருதுங்க அண்ணே?"

"விடியறப்போ. நான் போய்க் கரையில நின்னாப் போதும், எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. பாத்தா மனசு கேக்க மாட்டேங்குதும்மா. அள்ளி அள்ளிப் போடறேன்."

"சாப்பிடுதா?"

வைரக்கண்ணு யோசித்தார்.

"இல்ல."

சகாயமேரி வலையை அப்படியே போட்டுவிட்டு நடந்தார்.

சம்பா மறுபடி மறுபடி வெள்ளத்தில் போன பிறகு, மிச்சமிருந்த ஒரே வயலை வெட்டிக் குட்டையாக்கியவர் வைரக்கண்ணு. அவர் மீன் பிழைத்தால் நாமும் வெட்டலாம் என்று கீழத்தெருவே காத்திருந்தது. அவருக்கு அதெல்லாம் பெரிதில்லை. புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையோடு திரும்பி வந்துவிட்ட மகள் பூங்கோதைக்கு, தன் காலத்துக்குப் பிறகு இந்தத் தண்ணீராவது இருக்கட்டும் என்று நினைத்தார். பெற்றவர்களின் கணக்கு இப்படித்தான் எப்போதும் கொஞ்சம் முன்னால் ஓடும்.

பூங்கோதை கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மூடிவைத்த தட்டு. அதில் இட்லி இருந்தது. நேற்று வாங்கிய ஜாங்கிரி அதற்குப் பக்கத்தில், பிரிக்காமலே.

"ஒரு வாய் சாப்பிடேம்மா," என்றார் வைரக்கண்ணு. "அங்க என்னதான் ஆச்சு? அப்பாகிட்ட சொல்லேன். எது வேணும்னாலும் கேளு, வாங்கித் தர்றேன். ஒரே ஒரு இட்லி?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வந்த நாளாய் ஒரு வார்த்தை பேசவில்லை.

"பாத்தீங்களா? இவளும் அந்த மீனுங்க மாதிரிதான்," என்றார் அவர், சகாயமேரியிடம்.

சகாயமேரி குட்டைக்குப் போனார்.

தண்ணீர் பச்சைப் பசேலென்று குழம்பிக் கிடந்தது. மேலே எங்கு பார்த்தாலும் மீன் வாய்கள். திறந்தன, மூடின, திறந்தன.

"ஐயோ, எப்படிக் கேக்குது பாருங்க!" வைரக்கண்ணு தீவனக் கூடைக்குக் கை நீட்டினார். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் பிசைந்த உருண்டைகள் அதில் இருந்தன.

சகாயமேரி கூடையை எடுத்துக்கொண்டார்.

"இறங்குங்க அண்ணே."

"நானா?"

"இறங்கி முங்குங்க. உங்களால முடியற மட்டும் உள்ளேயே இருங்க."

வாத்தியார் சொன்னால் மறுபேச்சு ஏது? வைரக்கண்ணு கரையோரமாக இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார். பிடிவாதக்காரர். நெஞ்சு வெடிக்கிற வரைக்கும் உள்ளேயே இருந்தார்.

பிறகு வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தார்.

அந்த வாய்க்குள் சகாயமேரி ஒரு தவிட்டு உருண்டையைத் திணித்தார்.

வைரக்கண்ணு திணறினார், துப்பினார், இருமினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மூச்சு முட்டிச் சாகறேன்! இப்பப் போயி எவனுக்குச் சோறு வேணும்?"

சகாயமேரி குட்டையைப் பார்த்தார்.

வைரக்கண்ணுவும் பார்த்தார். திறந்தன, மூடின, திறந்தன.

இருமல் நின்றது. அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பாவி... நானேதான் கொன்னேனா?"

"திங்காத தீனி அடியில கிடந்து அழுகுது அண்ணே. தண்ணியில இருக்கற மூச்சையெல்லாம் அது எடுத்துக்குது."

"ஆசையாத்தானே போட்டேன்?"

"தெரியும்." சகாயமேரியின் குரல் தழைந்தது. "ஆசையாத்தான் போட்டீங்க. இப்பத் தண்ணியை அடிங்க. ரெண்டு கையாலயும் அடிங்க. காத்து உள்ள போகட்டும்."

வைரக்கண்ணு அடித்தார். சின்னப் பிள்ளை குளத்தில் ஆட்டம் போடுவதுபோல அடித்தார், அழுதுகொண்டே.

வீட்டுப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. யாரும் போடச் சொல்லவில்லை. வரப்பில் கிடந்த குழாய் உதறிக்கொண்டது. சகாயமேரி அதை வேலிக்காலில் உயர்த்திக் கட்டினார். நல்ல தண்ணீர் உயரத்திலிருந்து சிதறி விழுந்தது.

பூங்கோதை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். கரையில் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு குட்டையில் இறங்கினாள்.

'குளிருமேம்மா, நீ எதுக்கு, போய்ச் சாப்பிடு' என்று சொல்ல வைரக்கண்ணு வாயெடுத்தார். பல்லிடுக்கில் தவிடு நறநறத்தது. வாயை மூடிக்கொண்டார்.

சற்றுத் தள்ளி நின்று அவளும் தண்ணீரை அடித்தாள். முதலில் மெல்ல. அப்புறம் ஓங்கி ஓங்கி, யாரையோ அடிப்பதுபோல அடித்தாள். ஓவென்று அழுதாள்.

என்ன ஏது என்று அவர் கேட்கவில்லை. பக்கத்தில் போகவும் இல்லை. கேட்காமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும்.

தீவனக் கூடையோடு சகாயமேரி வரப்பில் நடந்து போய்விட்டார்.

வெயில் ஏறியது. ஒவ்வொன்றாக மீன்கள் கீழே இறங்கின. தண்ணீருக்கு மேலே ஒரு வாயும் இல்லை.

பூங்கோதை கையை நிறுத்தினாள். முகத்தை வழித்துவிட்டுக்கொண்டாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டாள்.

"அப்பா."

அவர் அசையாமல் நின்றார்.

"பசிக்குதுப்பா."