அரசனைக் கேட்டு வரப் போன ஓட்டன்

இன்றைக்கு இருக்கும் ஊர்களில் பாதிக்கு இன்னும் பெயரே வைக்காத காலம் அது. வெண்கோடன் என்று ஓர் அரசன் இருந்தான். கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவனாக இருந்திருந்தால் கதை சீக்கிரம் முடிந்திருக்கும். அவன் நல்லவன்.

அவன் நாட்டு ஊர்களில் ஒரு வழக்கம் இருந்தது. பொதுக் காரியம் எதுவானாலும் எல்லோரும் ஏரிக்கரையில் கூடி உட்காருவார்கள். முடிவு வரும்வரை ஒருவரும் சாப்பிட எழுந்து போகக் கூடாது. காலையில் ஒற்றைக்காலில் நின்ற பிடிவாதக்காரனும் பொழுது சாயும்போது வயிறு காய்ந்து இறங்கி வந்துவிடுவான். சத்தம் உண்டு, சண்டை உண்டு, சாபம் உண்டு. ஆனாலும் எப்படியோ முடிவு வந்துவிடும்.

ஒருமுறை பேச்சு முற்றி ஒருவனுக்கு மண்டை உடைந்தது. அரசன் மனம் வருந்தினான். "இனி நீங்கள் பட்டினி கிடந்து அடித்துக்கொள்ள வேண்டாம். என்னைக் கேளுங்கள், நான் சொல்கிறேன்" என்று பறையறைவித்தான். விட்டது தொல்லை என்று ஊர்கள் மகிழ்ந்தன. அன்று எல்லோரும் வேளைக்குச் சாப்பிட்டார்கள்.

கேள்வியைச் சுமந்து அரண்மனைக்கு ஓட ஊருக்கு ஓர் ஓட்டன் வைத்தார்கள். நெடுமடை ஊருக்குச் சேந்தன். ஏரித் தண்ணீர் யார் வயலுக்கு முதலில் பாய வேண்டும் என்று கேட்க ஓடினான். சாவடிச் சுவரை எந்தத் தெருக்காரர் பூசுவது என்று கேட்க ஓடினான். குளத்தில் இறங்கிய எருமையை விரட்டலாமா என்று கேட்கவும் ஓடினான். போக ஒரு பகல், வர ஒரு பகல், வாசலில் காத்துக் கிடப்பது தனி. பதிலோடு அவன் திரும்புவதற்குள் எருமை தானாகவே கரையேறிப் போயிருந்தது. சேந்தனுக்கு அலுத்துப் போயிற்று.

ஓர் ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஏரி தளும்பியது. மேலைக்கரையை வெட்டிவிட்டால் வெள்ளம் மருதன் என்பவன் வயலோடு போகும். வெட்டாவிட்டால் கரை தானாக உடைந்து ஊரையே கொண்டுபோகும். கரைக்கு நேர் கீழே இருந்த முதல் வீடு சேந்தனுடையது. அங்கேதான் அவன் மனைவி நங்கையும் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

மண்வெட்டியோடு ஊரே கரையில் நின்றது. ஒருவரும் வெட்டவில்லை. "ஓடு சேந்தா, வெட்டலாமான்னு கேட்டுட்டு வந்துடு" என்றார்கள்.

ஓடினான். ஊர் எல்லை மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தான். தண்ணீர் கரையின் விளிம்பைத் தொட்டுவிட்டது. ஊரார் தண்ணீரைப் பார்க்கவில்லை, அவன் போகும் பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்த வழியே திரும்பினான்.

"என்னப்பா, அதுக்குள்ள வந்துட்டே?"

"வழியிலேயே அரண்மனை ஆளைப் பார்த்தேன். அரசர் உத்தரவு வந்திருக்கு. பழையபடி கரையில உட்கார்ந்து நீங்களே முடிவு பண்ணணுமாம்."

கொட்டும் மழையில் உட்கார்ந்தார்கள். என்ன பேசுவது, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் விழித்தார்கள். கடைசியில் மருதனே வாயைத் திறந்தான். "என் வயல் போனா என் பிள்ளைங்க எதைத் தின்னும்?"

"எங்க களத்துல இருந்து நெல் அளக்கிறோம் அண்ணே. வீட்டுக்கு வீடு அளப்போம்" என்றாள் வீட்டிலிருந்து வந்து கூட்டத்தில் உட்கார்ந்திருந்த நங்கை, குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு. மற்றவர்களும் தலையாட்டினார்கள். மருதன் தன் கையாலேயே முதல் வெட்டு வெட்டினான். ஊர் பிழைத்தது.

பொய் உத்தரவு அரண்மனைக்கு எட்டாமல் இருக்குமா? காவலர்கள் சேந்தனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அரசன் முன்னால் இலையில் சோறு ஆறிக் கிடந்தது. வாசலில் ஓட்டர்களின் கூட்டம் தெருக்கோடிவரை நின்றது.

"என் பெயரில் பொய் சொன்னால் தலை போகும், தெரியுமா?"

"தெரியும், அரசே."

"பிறகு ஏன் சொன்னாய்?"

"நீங்களே முடிவு பண்ணுங்கன்னு நான் சொன்னா யார் கேட்பாங்க? அதுக்கும் உங்க உத்தரவுதான் வேண்டியிருந்துச்சு."

அரசன் ஆறிய சோற்றையும் வாசலில் நின்ற கூட்டத்தையும் பார்த்தான். பிறகு, "நானும் களைத்துவிட்டேன், சேந்தா. நீ சொன்ன பொய்யை என் உத்தரவாகவே ஊர் ஊராகப் போய்ச் சொல்" என்றான்.

தலை தப்பிய சேந்தன் ஓடினான். முதல் ஊரில், "யார் முதல்ல பேசணும்னு கேட்டுட்டு வா" என்றார்கள். இரண்டாம் ஊரில், "முடிவு தப்பாப் போனா யாரைத் திட்டுறது? அதையும் கேட்டுட்டு வா" என்றார்கள். மூன்றாம் ஊரில் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார்கள். பசித்ததும் எழுந்து சாப்பிடப் போய்விட்டார்கள்.

நம் ஊராவது தேறியிருக்கும் என்று நம்பி நெடுமடைக்கு வந்தான். மழை நின்றிருந்தது. வெட்டின இடத்தின் வழியே கோடைக்கு வேண்டிய தண்ணீரும் வடிந்துகொண்டிருந்தது. ஊரார் மண் கூடையோடு கரையில் நின்றார்கள்.

"நல்லவேளை வந்தே, சேந்தா. இதை அடைக்கலாமான்னு அரசரைக் கேட்டுட்டு வந்துடு."

"நீங்களேதானே முடிவு பண்ணி வெட்டினீங்க?"

"அது அரசர் சொன்னதால வெட்டினோம்."

சேந்தனுக்கு அழுகை வந்தது. இன்னொரு பொய் சொல்ல அவனிடம் தெம்பில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அரண்மனையைப் பார்த்துக் கிளம்பினான். இந்த முறை ஓடவில்லை, நடந்தான்.

கதை கேட்டவர்களே, தங்கள் ஊரைத் தாங்களே நடத்தும் பழக்கத்தைக் கைவிட்டவர்களுக்கு, வாங்கிக்கொண்ட அரசனே அதைத் திருப்பிக் கொடுத்தாலும் பெற்றுக்கொள்ளத் தெரியாது.