மூங்கில் அழுத சத்தம்

காகிதம் என்றால் மலையிலிருந்து இறங்கி வருவது என்று எல்லாரும் நினைத்திருந்த காலம் ஒன்று இருந்ததாம். அந்தக் காலத்தில் குளிர்மலை நாட்டைத் தயாளவர்மன் என்ற ராஜா ஆண்டு வந்தார். வழியில் எறும்பு வரிசை போனால்கூடக் குதிரையை நிறுத்திக் காத்திருப்பார். அப்படி ஒரு இளகிய மனசு. அந்த இளகிய மனசு நாட்டை என்ன பாடு படுத்தியது என்பதுதான் கதை, கேளுங்கள்.

குளிர்மலை முழுக்க மூங்கில் காடு. மலை ஜனங்கள் மூங்கிலை வெட்டிச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பார்கள். ஊறியதை இடித்துக் கூழாக்குவார்கள். கூழைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, தட்டியால் அரித்தெடுத்துக் காயவைத்தால் காகிதம். வெட்டுகிறவனுக்கும் அதில் சோறு, சுண்ணாம்பு சுடுகிறவனுக்கும் அதில் சோறு, வண்டி ஓட்டுகிறவனுக்கும் அதில் சோறு. அரிவாள் அடிக்கும் கொல்லனும் சந்தையில் மோர் விற்கிறவளும்கூட அந்தக் கூழை நம்பித்தான் இருந்தார்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மழைக்குப் பின் முளைக்கும் ஒவ்வொரு குருத்துக்கும் கற்றாழை நாரால் ஒரு வளையம் கட்டிவிடுவார்கள். அந்த வளையம் மட்கித் தானாக விழும்வரை அந்தக் கழிமேல் கைவைக்கக் கூடாது. வைத்தால் ஊரே காறித் துப்பும்.

ஒரு நாள் ராஜா காட்டு வழியாகப் போனார். புதரின் நடுவே வெட்டிய ஒரு கழியை நான்கு பேர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றக் கழிகளோடு உரசிக்கொண்டு அது கிரீச்சென்று கத்தியது. ராஜா காதைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, அழுகிறதே! என் காட்டில் இப்படி ஓர் அழுகுரலா?"

அன்றைக்கே உத்தரவு போட்டார். இனிமேல் காட்டுக்குள் அரிவாள் நுழையக் கூடாது.

காகிதத் தொட்டிகளுக்குத் தலைவியாக இருந்த கொம்பாயி அரண்மனைக்கு ஓடிவந்தாள்.

"ராசா, அது அழுகையில்ல சாமி. நெருக்கத்துல இருந்து உருவுறப்ப வர்ற சத்தம். புள்ளைக் கழிய நாங்க தொடுறதே இல்ல. எங்களக் காட்ட விட்டு வெலக்கிறாதீக."

வயிற்றுக்காகப் பேசுகிறாள் என்று ராஜா நினைத்தார். வயிற்றுக்காகத்தான் பேசினாள். வயிறு என்ன, பேசக் கூடாத பொருளா? ஆனாலும் ராஜா கல்நெஞ்சர் இல்லை. களஞ்சியத்தைத் திறந்து மலை ஜனங்களுக்கு நெல் அளக்கச் சொன்னார்.

முதல் வருஷம் போயிற்று. தொட்டிகள் வறண்டன. ராஜா காட்டுக்குப் போய்க் காதுகொடுத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. மனசு குளிர்ந்து திரும்பினார்.

இரண்டாம் வருஷம் போயிற்று. சுண்ணாம்புக் காளவாய் அணைந்தது. சந்தை கூடும் மைதானத்தில் நெருஞ்சி முளைத்தது. சும்மா இருந்து தின்னும் சோறு மலை ஜனங்களுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. கொம்பாயி தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு, கீழே சமவெளியில் குளம் வெட்டும் கூலிக்குப் போய்விட்டாள். ராஜா காட்டுக்குப் போய்க் காதுகொடுத்துக் கேட்டார். எங்கோ ஒரு மூலையில் கிரீச்சென்றது. காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் வருஷம் வந்தது. ராஜா காட்டுக்குப் போனார். காது கொடுக்கத் தேவையே இருக்கவில்லை. காடு முழுக்க ஒரே முனகல். பட்ட கழியும் பச்சைக் கழியும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, காற்றடிக்கும்போதெல்லாம் கிரீச் கிரீச்சென்று கத்தின. குருத்து முளைக்கவும் இடம் இல்லை. வெட்டுகிறவன் ஒருவனும் இல்லாத காட்டில் யார் இவற்றை அழ வைக்கிறார்கள்?

அந்தக் கோடையிலேயே காடு பற்றிக்கொண்டது. கழி உரசிப் பற்றியதோ, ஆடு மேய்த்தவன் விட்டுப்போன நெருப்போ, யாருக்கும் தெரியாது. காய்ந்த மூங்கில் வெடிக்கும் சத்தம் கோட்டைவரை கேட்டது. ராஜாவும் காவலர்களும் ஓடிவந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். யானையின் தாகத்துக்கு ஒரு கரண்டி மோர் ஊற்றின கதைதான்.

அப்போது மலைப்பாதையில் ஒரு கூட்டம் மூச்சிரைக்க ஏறி வந்தது. முன்னால் கொம்பாயி. எல்லார் கையிலும் அரிவாள். காவலர்கள் ஈட்டியைக் குறுக்கே நீட்டித் தடுத்தார்கள். பாவம், உத்தரவு உத்தரவுதானே!

கொம்பாயி ராஜாவைப் பார்த்துக் கத்தினாள். "ராசா, தீக்கு முன்னாடி ஒரு தெரு அகலத்துக்குப் பச்ச மூங்கில வெட்டி வெளிய இழுக்கணும். தாண்ட வழியில்லன்னா தீ அங்கனயே நின்னுரும். உத்தரவு குடுங்க!"

"பச்சை மூங்கிலையா? உயிரோடா?"

"ஆமா சாமி. கத்தத்தான் செய்யும். மத்ததெல்லாம் பொழைக்கும்."

ராஜா ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு ஈட்டிகளை விலக்கிவிட்டு, பக்கத்தில் நின்றவன் கையிலிருந்து ஓர் அரிவாளை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தார். அவர் வெட்டி இழுத்த முதல் கழி கிரீச்சென்று கதறியது. ராஜாவின் கண்ணில் நீர் கொட்டியது. ஆனால் கை கழியை விடவில்லை.

பாதிக் காடு போயிற்று. பாதிக் காடு பிழைத்தது.

கரி படிந்த முகத்தோடு ராஜா கொம்பாயியிடம் கேட்டார். "உங்கள் பிழைப்பைப் பிடுங்கியவன் நான். பிறகு எதற்காக அம்மா ஓடிவந்தீர்கள்?"

"நல்லாயிருக்கே ராசா நீங்க கேக்குறது! சோத்துப் பானை தீயுற வாசம் வந்தா, யாரு நம்மள வெரட்டுனாங்கன்னு ரோசிச்சுக்கிட்டா நிப்போம்?"

ராஜா அங்கேயே நின்று தன் பழைய உத்தரவை நீக்கினார்.

மழை வந்தது. வருஷக்கணக்காக அரிவாள் படாமல் நெருங்கிக் கிடந்த புதர்களில் ஏதோ ஒன்றிரண்டு குருத்துதான் தலைகாட்டியது. அன்று வெட்டிய இடத்திலோ, ஒளி விழுந்த மண்ணைப் பிளந்துகொண்டு குருத்துகள் திமுதிமுவென்று கிளம்பின. தொட்டிகளில் மறுபடி தண்ணீர் நிறைந்தது. காளவாய் புகைந்தது. சந்தையில் நெருஞ்சியை மிதித்துக்கொண்டு வண்டிகள் வந்தன. தயாளவர்மன் காட்டுக்குப் போய், ஒரு குருத்தின் முன்னால் மண்டியிட்டு, கொம்பாயி கொடுத்த நாரால் தன் கையாலேயே வளையம் கட்டினார்.

ஆகையால், காட்டால் பிழைக்கிறவர்களை வெளியே தள்ளிவிட்டுக் காட்டை மட்டும் பிழைக்கவைக்க எந்த ராஜாவாலும் முடியாது.